ராஜமலைக்கு ஒருநாள் பயணம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில், கோயம்புத்தூரிலுள்ள எங்கள் சபையின் குடும்பத்தார் இருபத்திரண்டு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசல் வரைக்கும் சென்று, உள்ளே நுழையாமலே திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. பூங்கா மூடப்பட்டிருந்தது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் இது. இன்னும் பல வாரங்களுக்கு எவரையும் உள்ளே விட மாட்டோம் என்று வாசலில் நின்ற காவலர் பணிவாகக் கூறினார்.

குற்றம் முழுவதும் என்னுடையதே. வேன் பேசினேன், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தேன், போகும் வழியில் பாடுவதற்குப் பாடல் புத்தகங்களைக்கூட எடுத்து வைத்தேன். பூங்கா திறந்திருக்கிறதா என்று மட்டும் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. வந்திருந்தவர்களில் இரண்டு சகோதரர்கள் மில்லில் ஒருநாள் சம்பளத்தை இழந்து விடுப்பெடுத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேனின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடியே திரும்பினார்கள். எவரும் என்னைக் குறை கூறவில்லை; அதுவே எனக்கு அதிக வேதனையாயிருந்தது.

யோபு புத்தகத்தின் முப்பத்தொன்பதாம் அதிகாரம், வரையாடுகள் ஈனும் காலத்தைப் பற்றி ஆண்டவர் யோபுவிடம் கேட்கும் கேள்வியோடு தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் அறிவோம். நம்முடைய தமிழ் வேதாகமம் அங்கே வழங்கும் சொல்லும் வரையாடு என்பதே. வேதாகமக் கல்லூரியில் அந்தப் புத்தகத்தைப் படித்துத் தேர்வும் எழுதிய எனக்கு, பூட்டிய வாசலின் முன் நின்றபோதுதான் அந்தக் கேள்விக்கு என்னிடமும் விடையில்லை என்பது விளங்கிற்று.

அதன்பின் இரண்டாம் முறை சரியாக ஆயத்தப்பட்டுச் சென்றோம். நகரத்தில் பிழைக்க வந்து, ஆண்டுக்கு ஒருநாளாவது பிள்ளைகளுக்கு ஒரு மலையைக் காட்ட வேண்டும் என்று விரும்புகிற குடும்பங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்பதால், அந்த ஆயத்தங்களையும், ஆயத்தத்தில் நாங்கள் விட்டுவிட்டிருந்த ஒரு காரியத்தையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த மலையைத் தெரிந்துகொள்வது?

ஆனைமலைத் தொடருக்கு மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் தெரியாது. ஒரே மலைதான் இப்புறம் கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களாகவும், அப்புறம் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களாகவும் பிரிந்து கிடக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்போருக்கு இந்தப் பக்கத்தில் மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. சைலன்ட் வேலி என்று யாவரும் அறிந்த இக்காட்டில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக எழுந்த மாபெரும் இயக்கத்தின் பயனாக 1984ஆம் ஆண்டு இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முக்காலி என்னும் ஊரிலிருந்து ஜீப்பில் இருபத்துமூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதையில் சைரந்திரி வரை அழைத்துச் செல்வார்கள். காட்டை உற்றுப் பார்க்கும் பொறுமையுள்ள சிறு குழுவுக்கு மிக ஏற்ற இடம். இருபது பேருக்கு மேல் வந்தால் பல ஜீப்புகள் பிடிக்க வேண்டும், செலவு கூடும்.

இரண்டாவது, அதே பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். இது கேரளத்தில் இருந்தாலும் இதற்குச் சாலை தமிழ்நாட்டின் வழியாகவே செல்கிறது. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் போனால் ஆனப்பாடி என்னும் வாசலில் நம் வண்டியை விட்டுவிட்டு வனத்துறையின் வண்டியில் ஏற வேண்டும். கன்னிமாரா தேக்கு என்னும் நூற்றாண்டுகள் கடந்த பெருமரம் இங்குதான் நிற்கிறது. பலர் கைகோத்தால்தான் அதன் அடிமரத்தைச் சுற்றி வளைக்க முடியும்.

மூன்றாவது, இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா இதுவே. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில் இதன் எல்லைக்குள் நிற்கிறது. பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பகுதிக்கு ராஜமலை என்று பெயர். பிள்ளைகளும் முதியோரும் சேர்ந்து வரும் குழுவுக்கு இதுவே ஏற்றது. பேருந்தில் மேலே கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து தார்ச்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் அளவு மெதுவாக நடந்தால் போதும். ஆகையால் மறுபடியும் ராஜமலையையே தெரிந்துகொண்டோம்.

எந்த மாதம், எந்த நாள்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்பட்டிருக்கும். குட்டிகள் முன்னரே பிறக்கத் தொடங்கினால் ஜனவரி இறுதியிலேயே மூடுவதும் உண்டு. சாதாரணமாக ஏப்ரலில் திறப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் மிகுதி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அம்மாதங்களில் இந்த மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாகாது என்பது என் உறுதியான ஆலோசனை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தையும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் மண்ணில் புதையுண்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். எந்த மாதத்தில் சென்றாலும், முந்தின நாள் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைக் கேட்டு, இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால், கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தை நிறுத்திவிட வேண்டும்.

நாங்கள் தெரிந்துகொண்டது செப்டம்பர் இறுதி. காலாண்டுத் தேர்வு விடுமுறையானபடியால் பிள்ளைகளுக்குப் பள்ளியில்லை. சனி, ஞாயிறு தினங்களில் மூணாறுச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்காக நிற்கும். ஆகையால் செவ்வாய்க்கிழமை சென்றோம். வேலை செய்கிறவர்கள் இரண்டு மாதங்களுக்கு முன்னரே தங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லி, வார விடுமுறையை அந்த நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். இம்முறை எவருக்கும் சம்பள இழப்பில்லை. நகரத்தில் கூலி வேலை செய்வோருக்குப் பயணத்தின் பெருஞ்செலவு வேன் வாடகை அன்று, இழந்துபோகும் ஒருநாள் கூலியே. இதைத் திட்டமிடுகிறவர்கள் முதலாவது நினைக்க வேண்டும்.

வழியும் நேரமும்

அதிகாலை 4 மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டோம். உடுமலைப்பேட்டை எழுபது கிலோமீட்டர். ஆறு மணிக்குள் சேர்ந்தோம். தேநீருக்கும் கழிப்பறைக்கும் அங்கேயே நிற்பது நல்லது. அதன்பின் நெடுந்தூரம் வசதியில்லை. அங்கிருந்து மூணாறுச் சாலையில் சென்றால் ஒன்பதாறு என்னும் சோதனைச்சாவடி வரும். அதைக் கடந்தால் ஒருபுறமும் மறுபுறமும் காடு. சின்னாற்றுப் பாலத்தோடு தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. வாடகை வண்டியானால் கேரளத்துக்கான அனுமதிச்சீட்டும் வரியும் முன்கூட்டியே முடிந்திருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டு, தாளை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் மழைமறைவுப் பகுதி. மூணாற்றின் குளிரை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே முட்செடிகளையும் வறண்ட பாறைகளையும் கண்டு வியப்பார்கள். மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை, உயர்ந்த மலையைத் தாண்டி இப்பக்கம் வருவதில்லை. சாம்பல்நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் இடம் இது. இச்சாலையில் வண்டியை நிறுத்துவதும், இறங்கிப் படமெடுப்பதும், குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதும் வேண்டாம். யானை குறுக்கே நின்றால் ஒலிப்பான் அடியாமல், விளக்கைத் தணித்து, தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மூணாறுப் பக்கத்தில் படையப்பா என்று ஊரார் பெயரிட்ட கொம்பன் யானை ஒன்று சாலைகளில் நடமாடுவது வழக்கம். அதனருகே சென்று படமெடுக்க முயன்று ஆபத்தில் அகப்பட்டவர்கள் உண்டு.

மறையூரில் காலை உணவு. கையோடு கொண்டு சென்ற இட்லியையும் மிளகாய்ப் பொடியையும் அங்கே பகிர்ந்துண்டோம். இவ்வூர் சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்றது. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும். அவ்வூரார் தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்ததாகச் சொல்லுகிறார்கள். ஆகவே எல்லையைக் கடந்தபின்னும் காதில் விழுவது தமிழே.

மறையூருக்கு மேலே சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன்னிருக்கைகளில் அமர்த்துங்கள். சற்று நேரத்தில் வெயில் மறைந்து குளிர் வந்துவிடும்; கம்பளிச் சட்டைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். லக்கம் அருவியைக் கடந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தோம். இந்த வழியாக வருகிறவர்களுக்கு ஒரு நன்மையுண்டு: பூங்காவின் வாசலாகிய அஞ்சாம் மைல், மூணாறு நகரத்துக்கு முன்னரே வந்துவிடுகிறது. நகரத்து நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. ஒன்பதேகால் மணிக்கு வாசலில் நின்றோம். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்திருந்தபடியால் நீண்ட வரிசையில் நிற்கவில்லை. பிளாஸ்டிக் பைகளும் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் புட்டிகளும் உள்ளே ஆகா. எவர்சில்வர் புட்டிகள் கொண்டு சென்றோம்.

ராஜமலையின் மேல்

வனத்துறைப் பேருந்து தேயிலைச் சரிவுகளின் ஊடே ஏறி ராஜமலையில் விட்டது. நடக்கத் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில், சாலையோரப் பாறையின்மேல் ஒரு பெண் வரையாடும் அதன் குட்டியும் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் கடந்துபோனதை அவை பொருட்படுத்தவேயில்லை. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இந்த வரையாடு, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. தமிழ்நாடும் கேரளமும் 2025இல் ஒரே காலத்தில் நடத்திய கணக்கெடுப்பில், இரு மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,600 வரையாடுகளே எண்ணப்பட்டன. அவற்றில் மிகப்பெரிய கூட்டம் இரவிகுளத்தில் வாழ்கிறது. வேட்டையாடித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு விலங்கு, குட்டி ஈனும் காலத்தில் மனிதர் தள்ளியிருப்பதனால் பிழைத்து நிற்கிறது. முந்தின முறை எங்கள் முன் மூடியிருந்த வாசல், இந்தக் குட்டியைப் போன்றவற்றுக்காகவே மூடியிருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அன்று கண்ணாடியில் முகம் பதித்து வந்த சிறுவன், "அப்போ நாம வந்திருந்தா இது பயந்திருக்குமா?" என்று கேட்டான். ஆம் என்றேன்.

சாலையின் இருபுறமும் குறிஞ்சிப் புதர்கள் பூவின்றி நின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006இலும் 2018இலும் இங்கே பூத்தது. இனி 2030இல் பூக்கும். ஆனைமுடியின் உச்சிக்கு ஏறப் பார்வையாளருக்கு அனுமதியில்லை, கீழிருந்து பார்க்கலாம். நாங்கள் பார்த்தபோது பாதி மேகத்தில் இருந்தது.

நாங்கள் விட்டுவிட்டிருந்த காரியம்

எங்கள் குழுவில் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார் இருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். இளவயதில் திருமணமாகி மூணாறு மலைக்குப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஊரில் வீடில்லை, ஆகவே மகனோடு கோயம்புத்தூருக்கு வந்தார். பயணத்தைப் பற்றிச் சபையில் அறிவித்தபோது அவர் என்னிடம், "அது பாக்கப் போற எடமா ஐயா? நாங்க பாடுபட்ட எடம்லா" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "வாங்கம்மா, இந்தத் தடவை சும்மா பாத்துட்டு வருவோம்" என்றேன். அவர் சொன்னதன் பொருளை நான் அப்போது உணரவில்லை.

மலை ஏறும் வழியில், சாலையோரத்தில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்களைக் கண்டதும் எங்கள் வாலிபர்கள் வேனை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு பேர் இறங்கி, அப்பெண்களைக் கூடையோடு நிற்கச் சொல்லிப் படமெடுக்கத் தொடங்கினார்கள். தாயார் வேனிலிருந்தே சத்தமிட்டார்: "ஏ தம்பிகளா, வேல நேரத்துல அவுகள நிப்பாட்டாதிய. எட கொறஞ்சா காசு கொறையும்."

வாலிபர்கள் வெட்கத்தோடு ஏறிக்கொண்டார்கள். அதன்பின் வழிநெடுக அவரே எங்களுக்கு வழிகாட்டியானார். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டென்பதையும், அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு என்பதையும், மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு பிடிப்பார்கள் என்பதையும் சொன்னார். பச்சைச் சரிவுகளின் நடுவே நீள வரிசையாகத் தெரிந்த ஓட்டு வீடுகளைக் காட்டி, "அதான் லயம், ஒரு செவருக்கு அங்கிட்டு ஒரு குடும்பம், இங்கிட்டு ஒரு குடும்பம்" என்றார். அதுவரை எங்கள் கண்களுக்கு அது ஓர் அழகான காட்சியாக மட்டுமே இருந்தது.

இம்மலை தோட்டமான வரலாறு நெடியது. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், கங்காணிகள் மூலமாகத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறி வந்த நம் மக்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1908இல் ஓடத் தொடங்கிய சிறிய ரயில், 1924 ஜூலைப் பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டு, மறுபடியும் அமைக்கப்படவேயில்லை. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது இம்மலை கேரளத்தோடு சேர்ந்தது. தொழிலாளர் பெரும்பாலும் தமிழராகவே இருந்தனர். 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதற்கு எதிராக மூணாறு வீதிகளில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் தாங்களாகவே அமர்ந்து போராடி 20 விழுக்காடு பெற்றதை நாடே பார்த்தது. அப்பொழுது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய்.

ராஜமலையின் மேலே நடை முடியும் இடத்தில், பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைப் பார்த்து மகிழ்ந்திருக்க, தாயார் மட்டும் வேறொரு திசையைப் பார்த்து நின்றார். அருகே போனேன். "பெட்டிமுடி அந்தப் பக்கந்தான் ஐயா" என்றார்.

பெட்டிமுடி, ராஜமலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த பிரிவு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பல நாட்களாகக் கொட்டிய மழையில் மேலேயிருந்த மலைச்சரிவு இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த நான்கு லயங்களின்மேல் விழுந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. தப்பியவர்கள் இருளிலும் மழையிலும் நடந்து வந்து சொன்னபின்னரே வெளியுலகம் அறிந்தது. அஞ்சாம் மைலுக்கும் மூணாறுக்கும் இடையிலுள்ள பெரியவரைப் பாலம் சேதமடைந்திருந்தபடியால், மீட்பு வண்டிகள் வந்துசேரவும் தாமதமாயிற்று. எழுபது பேர் மாண்டனர். அறுபத்தாறு உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவேயில்லை. வெள்ளம் சில உடல்களை ஆற்றில் வெகுதூரம் இழுத்துச் சென்றிருந்தது. தன் வீட்டுக் குழந்தையைத் தேடி ஆற்றோரம் அலைந்து, அதன் உடல் கிடந்த இடத்தைக் காட்டிய நாயைப் பற்றி அந்நாட்களில் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மாண்டவர்களில் பலர் கயத்தாற்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த குடும்பத்தார். கிடைத்த உடல்களில் பெரும்பாலானவை ராஜமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டன.

"எங்க தெருவுக்காரவுக ஐயா. கொரோனாங்கதால ஊருல இருந்து யாரும் வர முடியல. கடைசியா மொகம் பாக்கல" என்றார் தாயார். தொற்றுக்காலமாதலால் மாநில எல்லைகளில் கட்டுப்பாடு இருந்த நாட்கள் அவை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின், நான் ஏற்பாடு செய்த உல்லாசப் பயணத்தில்தான் அவர் இவ்வளவு அருகே வந்து நிற்க முடிந்தது. எங்கள் திட்டத்தில் புறப்படும் நேரம் இருந்தது, இட்லி இருந்தது, மாத்திரைகளும் கம்பளியும் இருந்தன. இந்தப் பத்து நிமிடங்கள் இல்லை. எவருடைய மண்ணுக்குப் போகிறோமோ அவரிடமே நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. முந்தின முறை பூங்கா திறந்திருக்கிறதா என்று கேளாமற்போனதைக் காட்டிலும் இதுவே பெரிய தவறு.

பெட்டிமுடிக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்ல அனுமதியில்லை. அனுமதித்தாலும் இடிந்த இடத்தை வேடிக்கை பார்க்கப் போவது தகாது. நாங்கள் நின்ற இடத்திலேயே யாவரையும் அழைத்தேன். பிள்ளைகளும் வந்தார்கள். பெட்டிமுடியில் நடந்ததைத் தாயாரே சில வார்த்தைகளில் சொன்னார். அமைதியாக நின்றோம். காலையில் படமெடுக்க இறங்கிய வாலிபர்களில் ஒருவன் தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினான். பின்பு இறங்கினோம்.

திரும்பும் வழி

பிற்பகல் ஒரு மணிக்குப் பூங்காவிலிருந்து வெளியே வந்து, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் உண்டு, இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். இருட்டுவதற்கு முன் சின்னாற்றுக் காட்டைக் கடந்துவிட வேண்டும் என்பதே திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் விதி. மறையூரில் வெல்லம் வாங்கினோம். மாலை ஐந்தரை மணிக்குச் சோதனைச்சாவடியைக் கடந்து, இரவு எட்டரை மணிக்கு வீடு சேர்ந்தோம். மறுநாள் காலை யாவரும் வேலைக்குச் சென்றார்கள்.

பயணத்துக்கு ஆயத்தப்படுகிறவர்கள் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

1. பூங்கா திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்து, நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்தல்.

2. வேலை செய்கிறவர்களின் விடுமுறையை இரண்டு மாதங்களுக்கு முன்னரே பேசி முடித்தல்.

3. வண்டியின் அனுமதிச்சீட்டு, யாவருக்கும் அடையாள அட்டை, மலைச்சாலையில் பழகிய ஓட்டுநர். முந்தின இரவு அவர் நன்றாக உறங்கியிருக்க வேண்டும்.

4. கம்பளி, குடை, வாந்திக்கான மாத்திரை, முதியோர் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள். மூச்சிரைப்பும் இருதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் வரட்டும்.

5. கைபேசி பல இடங்களில் வேலை செய்யாது. ஆகையால் பிரிந்துபோனால் எங்கே கூடுவது என்பதை முன்னரே சொல்லிவைத்தல்.

6. வானிலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவைக்கும் துணிவு.

ஏழாவதாக ஒன்றை நான் இப்பொழுது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். போகும் இடத்தில் வாழ்ந்தவர், உழைத்தவர் எவரேனும் நம் சபையிலோ, நம் தெருவிலோ, நாம் வேலை செய்யும் இடத்திலோ உண்டா என்று விசாரித்து, புறப்படும் முன் அவரோடு அமர்ந்து பேசுதல். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் அநேகம். ஓய்வுக்குப்பின் வீடில்லாமல் வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவர்கள் உண்டு. நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். நாம் கேட்பதில்லை, அவர்கள் சொல்லுவதுமில்லை.

2030ஆம் ஆண்டு குறிஞ்சி பூக்கும்போது நம்மில் அநேகர் ராஜமலைக்குப் போக விரும்புவோம். தாயார் இப்பொழுதே என்னிடம் பெயர் கொடுத்து வைத்திருக்கிறார். "உசுரோட இருந்தா முன் சீட்டு எனக்கு" என்பது அவருடைய நிபந்தனை. அந்தப் பயணத்தின் திட்டத்தை எழுத நான் அமரும்போது, அவரை என் அருகே அமர்த்திக்கொண்டு எழுதுவேன்.